ஷேடோ வேஷம் தைப்பது எப்படி?

விளையாட்டுப் போட்டிக் காலத்தில் வினோத உடை தைக்க என்னிடம் வருகிற பிள்ளைகளில் யாராவது ஒருவர் ஷேடோ கேட்பார். இருட்டில் மறைந்து குற்றவாளிகளை வேட்டையாடுகிற அமெரிக்கக் கதை நாயகன் அவர். அளவு நாடாவை எடுக்க முன்பே நான் கேட்பேன்: எந்த ஷேடோ, தம்பி? புத்தகத்தில் வருகிறவரா, ரேடியோவில் வந்தவரா, படத்தில் வந்தவரா? பெயர் ஒன்று, ஆள் வேறு வேறு. இதை முடிவு செய்யாமல் துணியில் கத்தரிக்கோலை வைக்காதீர்கள்.

மைதானத்தில் நடக்கிற போட்டி என்றால் புத்தக ஷேடோதான் சரி. 1931இல் அமெரிக்காவில் மலிவுத்தாள் இதழாக வரத் தொடங்கிய கதைகள் அவை. வோல்ட்டர் கிப்சன் வேறு பெயரில் எழுதினார். அந்த ஷேடோ மாயமாக மறைய மாட்டார். கறுப்பு உடுப்போடு இருட்டில் ஒதுங்கி நிற்பார், அவ்வளவுதான். அப்படியென்றால் மறைக்கிற வேலை முழுக்கத் துணியுடையது. ஆகவே சாட்டின் வேண்டவே வேண்டாம். திருகோணமலை வெயிலில் அது கண்ணாடி மாதிரி மின்னும். கறுப்புப் பொப்லின் எடுங்கள், வேர்வைக்கும் நல்லது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முழங்கால் வரை அரைவட்ட மேலங்கி வெட்ட, 110 சென்ரிமீற்றர் அகலத் துணியில் இரண்டேகால் மீற்றர் போதும். உள்ளே கருஞ்சிவப்பு லைனிங் கட்டாயம். நிற்கும்போது அது தெரியக்கூடாது, திரும்பும்போது மட்டும் தெரியவேண்டும். அதனால் லைனிங்கை ஓரத்திலிருந்து விரலகலம் உள்ளே தள்ளித் தையுங்கள். தொப்பிக்கு அகன்ற விளிம்பு வேண்டும். விளிம்புக்குள் கன்வஸ் வைத்துத் தைத்து, முன்பக்கத்தைக் கண்ணுக்கு மேல் சாய்த்துவிடுங்கள்.

கதையில் அவர் கையில் இரண்டு துப்பாக்கிகள் இருக்கும். எங்கள் ஊரில் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியோடு வீதியில் நடப்பது எனக்குப் பிடிக்காது. அவருடைய ஒப்பல் கல் மோதிரம் போதும். கவரிங் மோதிரத்தில் சிவப்பு மினுக்கம் உள்ள கண்ணாடி மணி ஒட்டினால் சரி.

ரேடியோ ஷேடோவுக்கு நான் காசு வாங்க ஏதுமில்லை! 1930இல் அவர் வெறும் கதைசொல்லிக் குரலாகத்தான் தொடங்கினார். 1937இல் ஓர்சன் வெல்ஸ் நடித்த நாடகத்தில், பிறர் மனத்தை மயக்கித் தன்னைக் காணாமல் செய்கிற சக்தி வந்தது. கண்ணுக்கே தெரியாத ஆளுக்கு எதற்கு மேலங்கி? மேடை நாடகம் போடுகிற டீச்சர்மார் இதை எடுக்கலாம். பிள்ளையைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி மைக்கைக் கொடுங்கள். அந்தக் காலத்தில் அவர் குரலை டெலிபோனில் கேட்பது போல மாற்றி ஒலிபரப்பினார்கள். வாயருகே கடதாசிக் கோப்பையைப் பிடித்துப் பேசினால் கிட்டத்தட்ட அது வரும்.

1994 படத்தில் அலெக் பால்ட்வின் நடித்தவர் இரண்டும் கலந்தவர்: புத்தக உடுப்பு, ரேடியோ சக்தி. வாயை மூடிய சிவப்புத் துணியும், வேஷம் போட்டதும் பருந்து மூக்காக மாறுகிற முகமும் அதில் வரும். மூக்குக்கு மெழுகு வைக்கவேண்டாம், வெயிலில் உருகிவிடும். சிவப்புத் துணி போதும். 1964இல் ஒரு காமிக்ஸில் பச்சையும் நீலமுமாக இறுக்கமான உடையும் போட்டுவிட்டார்கள். அதை யாரும் கேட்டு வராதவரை எனக்கு நிம்மதி.

அப்புறம், நடுவர் "நீ யார்?" என்று கேட்டால் பதில் தெரிந்திருக்கவேண்டும். ரேடியோவிலும் படத்திலும் அவர் லமொன்ட் கிரான்ஸ்டன். புத்தகத்தில் கிரான்ஸ்டன் வேறொரு பணக்காரர். ஷேடோ அவர் தோற்றத்தை இரவல் வாங்குகிறவர். உண்மையில் அவர் கென்ட் அல்லார்ட் என்ற விமானி. புத்தக உடுப்பில் நிற்கிற பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். கழுத்தில் கொக்கி மட்டும் வைக்காமல் தோளிலும் ஊசி குத்துங்கள், கடல் காற்று மேலங்கியைப் பின்னால் இழுத்துவிடும்.