பாடி லிஃப்ட் ஸ்பேசர்: பொருளிலும் உயரத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பட்டறைகளில் பாடி லிஃப்ட்டுக்காக, அதாவது வண்டியின் பாடியைச் சேஸ் என்ற அடிச்சட்டத்திலிருந்து உயர்த்துவதற்காக, இரண்டுக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசரைப் பலரும் ‘கட்டை’ என்றே சொல்கிறார்கள். பாதித் தவறுக்கு அந்தப் பெயரே காரணம் என்பது என் எண்ணம். கட்டை என்று சொன்னதும் இடைவெளியை அடைக்க எதையாவது செருகினால் போதும் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. மூலையில் கிடக்கும் புளியமரத் துண்டு, பழைய லாரி ரப்பர், லேத்தில் மிஞ்சிய நைலான் ராடு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்குகின்றன. உண்மையில் பாடியையும் அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டையும் சேஸையும் ஒரே போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும் அடுக்கில் ஸ்பேசரும் ஓர் உறுப்பு. அது ஒரு மில்லிமீட்டர் நசுங்கினாலும் போல்ட்டின் பிடி தளர்கிறது. தளர்ந்த போல்ட் ஒவ்வொரு குழியிலும் சிறிது சிறிதாக வளைந்து, கடைசியில் பாடியின் தகட்டைக் கிழிக்கிறது.

பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன், பாடி லிஃப்ட் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். ஜிப்சி, தார், பொலேரோ, கூர்க்கா, ஜிம்னி போலத் தனிச் சேஸும் அதன்மேல் போல்ட்டால் அமர்த்திய பாடியும் கொண்ட வண்டிகளுக்கு மட்டுமே இது பொருந்தும். டஸ்டர் போன்ற, பாடியும் சேஸும் ஒன்றேயான வண்டியில் ஸ்பேசர் வைக்க இடமே இல்லை. பொருந்தும் வண்டியிலும் இதனால் உயர்வது பாடி மட்டுமே. டிஃபரன்ஷியலும் (அச்சின் நடுவே தொங்கும் பல்சக்கரப் பெட்டி) அச்சும் சேஸும் இன்ஜினும் இருந்த உயரத்திலேயே இருக்கின்றன. சம்பா நடவு நேரத்தில் டிராக்டரின் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) உழுதுவிட்டுப் போன வண்டிப்பாதையில் நடுமேடு டிஃபரன்ஷியலைத் தட்டுகிறது என்பதற்காகப் பாடி லிஃப்ட் செய்பவர், செலவு செய்த பிறகும் அதே மேட்டில்தான் தட்டி நிற்பார். பெரிய டயர் போடுவதற்கு டயருக்கு மேலுள்ள வளைவான வீல் ஆர்ச்சில் இடம் உண்டாக்குவது ஒன்றே பாடி லிஃப்ட்டின் வேலை. அச்சை உயர்த்துவது அந்தப் பெரிய டயர்தான்.

உயரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பெருந்தவறு இந்த இடத்தில் தொடங்குகிறது. முதலில் இரண்டங்குலம் அல்லது மூன்றங்குலம் என்று ஸ்பேசரை முடிவு செய்துவிட்டு, அதற்குத் தகுந்த டயரைப் பிறகு தேடுகிறார்கள். கணக்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். 205/70 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 668 மி.மீ.; 215/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 703 மி.மீ. விட்டத்தில் வேறுபாடு 35 மி.மீ. என்றாலும் அச்சிலிருந்து மேல்நோக்கி டயர் வளர்வது அதில் பாதி, அதாவது சுமார் 18 மி.மீ. மட்டுமே. ஆகவே இந்த மாற்றத்துக்கு ஓரங்குல ஸ்பேசர், அதாவது 25 மி.மீ., தாராளமாகப் போதும். அகலம் கூடியதால் முழுத் திருப்பத்தில் டயர் உள்பக்கம் உரசுகிறதா என்பதை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டங்குலம் வைப்பவர் தேவையற்ற ஓரங்குலத்தின் தொல்லைகளைக் காசு கொடுத்து வாங்குகிறார்.

அந்தத் தொல்லைகள் சிறியவை அல்ல. ஸ்பேசர் உயர உயரப் போல்ட்டின் நீளம் கூடுகிறது. பக்கவாட்டு விசை வரும்போது நீண்ட போல்ட் நெம்புகோல்போல வளைகிறது. சமதளச் சாலையில் ஓடும் வண்டிக்கு இது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கொள்ளிடக் கரையிலும் வெண்ணாற்றுக் கரையிலும், ஒரு பக்கச் சக்கரம் கரைமேலும் மறுபக்கச் சக்கரம் சரிவிலுமாகச் சாய்ந்தபடியே நெடுந்தொலைவு போகும் வண்டியில், பாடியின் எடையில் ஒரு பங்கு போல்ட்டுகளைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மூன்றங்குல ஸ்பேசரை டெல்டாவில் எந்த வண்டிக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டங்குலத்தையே மேல் எல்லையாகக் கொள்ள வேண்டும். அதையும் டயர் கணக்கு கேட்டால் மட்டுமே தொட வேண்டும். இரண்டங்குலம் வேண்டுமென்றால் 50 மி.மீ. ஒரே துண்டாகக் கடைந்திருக்க வேண்டும். ஓரங்குலத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதும், குறையும் உயரத்துக்கு வாஷர்களை அடுக்குவதும் ஒவ்வொரு இணைப்பிலும் வழுக்கும் பரப்பைக் கூட்டுவதே ஆகும்.

இனி பொருளுக்கு வருவோம். மரம் என்றதும் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு வண்டியின் அடியில் தேக்குக் கட்டைகளை நானே பார்த்திருக்கிறேன். மேலே தொட்டால் உறுதியாக இருந்த அந்தக் கட்டைகள் போல்ட் துளையைச் சுற்றிக் கறுத்து உளுத்திருந்தன. ஐப்பசி மழையில் ஊறி, சித்திரை வெயிலில் சுருங்கும் எந்த மரமும் போல்ட்டின் பிடியை ஒரே அளவில் வைத்திருக்க முடியாது. ரப்பரின் நிலையும் அதுவே. ஏற்கெனவே இருக்கும் ரப்பர் மவுண்ட்டின்மேல் இன்னொரு தடித்த ரப்பரை வைத்தால் அதிர்வு குறையும் என்பது பிழையான எதிர்பார்ப்பு. பாடி இரட்டிப்பாக ஆடுவதே மிச்சம்.

தவறு மிகுதியாக நடப்பது வெள்ளைக் கட்டைகளில்தான். நைலான், அசெட்டால், எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) ஆகிய மூன்று பிளாஸ்டிக்குகளும் லேத்தில் கடைந்த பிறகு பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். கடையில் எல்லாவற்றையும் ‘நைலான்’ என்றே கொடுப்பார்கள். எச்.டி.பி.இ. இறைச்சி வெட்டும் பலகைக்கு நல்ல பொருள்; போல்ட்டின் இடைவிடாத அழுத்தத்தில் அது மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பிதுங்கி உயரம் குறையும். இன்று சரியாக முறுக்கிய போல்ட் ஆறு மாதத்தில் கையால் திருகும் அளவுக்குத் தளரலாம். இதைக் கண்டறிய ஆய்வகம் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர் போதும். எச்.டி.பி.இ. தண்ணீரைவிட இலேசானது, மிதக்கும். நைலானும் அசெட்டாலும் மூழ்கும். மூழ்கும் இரண்டையும் தராசில் பிரித்துவிடலாம். துளையிடாத, 75 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. உயரமும் உள்ள துண்டு நைலானாக இருந்தால் சுமார் 250 கிராம் இருக்கும். அசெட்டாலாக இருந்தால் சுமார் 310 கிராம் இருக்கும்.

இந்த வேறுபாடு டெல்டாவில் ஏன் முக்கியம் என்றால், நைலான் தண்ணீர் குடிக்கும் பொருள். நைலான் 6 தண்ணீரில் கிடந்து நிறைவடையும்போது தன் எடையில் ஏறக்குறைய 9 விழுக்காடு வரை நீரை ஏற்றுக்கொள்ளும். அதனால் சற்றே பருத்து, மென்மையும் அடையும். அசெட்டால் ஏற்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. தடித்த துண்டு நிறைவடைய நெடுங்காலம் ஆகும் என்பது உண்மைதான். ஆயினும் சேறும் ஈரமும் ஒட்டியே கிடக்கும் அடிப்பாகத்தில், ஈரம் ஒட்டிய பக்கத்து ஸ்பேசர்களும் வெயில்படும் பக்கத்து ஸ்பேசர்களும் வெவ்வேறு அளவில் பருப்பதைத் தவிர்க்க முடியுமானால் தவிர்ப்பதே நல்லது. செலவு கூடினாலும் அசெட்டாலே என் தேர்வு. பாலியூரித்தேன் வாங்குவோர் அது பாலியெஸ்டர் வகையா, பாலியீத்தர் வகையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பாலியெஸ்டர் வகை நீரால் சிதைந்து பொடியாகும் இயல்புடையது. விற்பவருக்கு விடை தெரியவில்லை என்றால் வாங்காமல் விடலாம்.

அலுமினியம் நசுங்காது, நீர் ஏற்காது. கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத்தில் ஓடும் வண்டிக்கு நல்ல தேர்வுதான். வேதாரண்யத்து உப்பளங்களை ஒட்டியும் நாகப்பட்டினம் கடற்கரையிலும் ஓடும் வண்டிக்கு அதுவே கெடுதலாகலாம். உப்பு ஈரத்தில் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு அலுமினியத்தையே தின்னும். துளைக்குள் வெள்ளைப் பொடி கட்டி, எஃகுப் போல்ட் கழற்ற முடியாதபடி இறுகிவிடும். அலுமினியம்தான் வேண்டும் என்பவர் தொடுபரப்புகளுக்குப் பெயின்ட் பூசி, போல்ட்டின் உடலுக்குக் கிரீஸ் தடவி, துளையில் பிளாஸ்டிக் குழல் ஒன்றைச் செருகிக்கொள்ள வேண்டும்.

உயரத்தைப் போலவே விட்டமும் துளையும் அளவுதான் என்பது பலருக்கு மறந்துவிடுகிறது. ஸ்பேசரின் விட்டம் மூல மவுண்ட்டின் மேல்முகத்தைவிடக் குறைந்தால் எடை சிறு வட்டத்தில் குவிந்து தகட்டைக் குழிக்கும். போல்ட்டைவிட அரை முதல் ஒரு மில்லிமீட்டர் பெரிய துளை போதும், 10 மி.மீ. போல்ட்டுக்கு 16 மி.மீ. துளை போட்டால் ஸ்பேசர் பக்கவாட்டில் நகரும். தொழிற்சாலையில் சில மவுண்ட்களில் மட்டும் மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். அவை பாடியை நேராக நிறுத்த வைத்தவை என்பதால் அந்தந்த இடத்திலேயே திரும்ப வைத்து, எல்லா ஸ்பேசரையும் ஒரே உயரத்தில் கடைய வேண்டும். பழைய ரப்பர் வெடித்திருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். ரப்பரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்பேசரை வைக்கவே கூடாது.

பாடி உயரும்போது ஸ்டியரிங் தண்டின் இணைப்பு எவ்வளவு வெளியே இழுபடுகிறது, பிரேக் குழாய் எட்டுகிறதா, எரிபொருள் ஊற்றும் குழாய் மடங்குகிறதா, ரேடியேட்டரோடு சேர்ந்த ஃபேன் உறையை ஃபேன் இறக்கை தொடுகிறதா, கியர் லீவர் துளை விளிம்பில் இடிக்கிறதா, எர்த் கம்பி நீள்கிறதா என்று ஒவ்வொன்றையும் ஸ்பேசர் கடைய அளவு கொடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

சட்டமும் இதில் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கலாம். ஆகவே, பொதுச்சாலைக்கு வரும் வண்டியில் கைவைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது முறை.

போல்ட்டில் சிக்கனம் வேண்டாம். ஸ்பேசர் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை நீளம் கூடிய 8.8 அல்லது 10.9 தரப் போல்ட்டாக, தலையில் வலிமையைக் குறிக்கும் அந்த எண் பொறித்ததாக வாங்க வேண்டும். பழைய போல்ட்டில் மரை போட்ட கம்பியை வெல்டிங் செய்து நீட்டுவதை எந்த நிலையிலும் ஏற்கக் கூடாது. கடற்கரை வண்டிகளில் பாடிக்குள் வெல்டிங் செய்த நட்டு துருப்பிடித்து உள்ளேயே சுழன்றுவிடும் என்பதால், கழற்றுவதற்கு முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். ஒரு பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தி மட்டும் வைத்து, மறுபக்கத்தை மட்டும் கழற்றி, பலகை வைத்த ஜாக்கியால் தூக்கி அந்தப் பக்க ஸ்பேசர்களைப் பொருத்திய பிறகே அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். முறுக்கு அளவை அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து டார்க் ரெஞ்சால் முடித்து, முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறையும், அதன் பிறகு ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் ஒரு முறையும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி சோதிக்க வேண்டும். அப்போது ஏதேனும் ஒரு போல்ட் மட்டும் தளர்ந்திருந்தால் அதை முறுக்கிவிட்டுப் போய்விடாமல் ஸ்பேசரைக் கழற்றி உயரத்தை வெர்னியரில் அளந்து பார்க்க வேண்டும்.