வரவு குறைந்த பிள்ளையை மீளப் பள்ளிக்குக் கொண்டுவருவது

வகுப்பின் சராசரி வரவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 30 பிள்ளைகள், 20 பள்ளி நாட்கள், வரவு 90 வீதம் என்று வையுங்கள். எல்லோரும் இரண்டிரண்டு நாள் வராமல் நின்றிருந்தாலும் அதே கணக்குத்தான். மூன்று பிள்ளைகள் மாதம் முழுக்க வராவிட்டாலும் அதே கணக்குத்தான். ஆகவே மாத முடிவில் வரவு இடாப்பைப் பிள்ளை பிள்ளையாக வாசியுங்கள். பத்தில் ஒரு நாளுக்கு மேல் நின்றவர்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி, எந்தெந்த நாட்களில் நின்றார்கள் என்றும் குறியுங்கள். திங்களும் வெள்ளியும் மட்டும் விடுபட்டால் ஒரு காரணம். வெங்காய நடுகையோடு விடுபட்டால் வேறு காரணம்.

பிள்ளை வராத முதல் நாளே வகுப்பாசிரியர் தொலைபேசி எடுப்பது நல்லது. மூன்று நாள் தொடர்ந்தால் வீட்டுக்குப் போகவேண்டும். வாகனத்தில் நாலைந்து பேராகப் போகாதீர்கள். ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டால் பிள்ளை வெட்கத்தில் இன்னும் ஒதுங்கும். வகுப்பாசிரியரும், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் போதும். நேரமும் முக்கியம்: இரவு கடலுக்குப் போன தகப்பன் காலையில் நித்திரையாக இருப்பார், தோட்ட வேலைக்குப் போன தாய் மத்தியானம் வரை வரமாட்டார். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு போங்கள்.

"ஏன் வரேல்லை?" என்று கேட்டால் "காய்ச்சல்" என்ற பதில்தான் வரும். "நேற்று விடிய எழும்பினதிலயிருந்து என்ன நடந்தது, அம்மா?" என்று கேளுங்கள். மழைக்கு ஒரேயொரு வெள்ளைச் சட்டை காயாதது, கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லாதது, கணக்குப் பாடத்துக்குப் பயம் எல்லாம் அப்போதுதான் வெளிவரும். சட்டைப் பிரச்சினையைப் பழைய மாணவர் சங்கம் அன்றைக்கே தீர்க்கலாம். பயம் என்றால் பாட ஆசிரியரோடு பேசாமல் தீராது.

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அதை வாசலிலேயே சொல்லி வெருட்டினால் அடுத்த முறை கதவு திறக்காது. இரண்டு முறை வீட்டுக்குப் போயும் பயன் இல்லாவிட்டால் கிராம அலுவலர் ஊடாகவும் வலயக் கல்விப் பணிமனை ஊடாகவும் எழுத்தில் நகர்த்துங்கள். வேலைக்கு அனுப்புதல், துன்புறுத்தல், இளவயதுத் திருமணம் என்று சந்தேகம் வந்தால் மட்டும் பெற்றோரிடம் விசாரித்துக்கொண்டிருக்காமல் உடனே சிறுவர் உதவித் தொலைபேசி எண்ணான 1929க்கு அறிவியுங்கள்.

பல பள்ளிகள் கோட்டைவிடுவது பிள்ளை திரும்பி வரும் நாளில்தான். "ஓ, இப்பதான் வழி தெரிஞ்சுதோ?" என்ற ஒரு சொல், இரண்டு வார உழைப்பைக் கெடுத்துவிடும். அன்று காலை வகுப்பாசிரியரே வாசலில் நின்று கூட்டிப்போகட்டும். விடுபட்ட பாடங்கள் எல்லாவற்றையும் எழுதச்சொல்லி மலைக்கவைக்காமல், அடுத்த பாடத்துக்குத் தேவையான பக்கங்களை மட்டும் கொடுங்கள். பிறகு 10 பள்ளி நாட்களுக்கு அந்தப் பெயரை மட்டும் தினமும் பாருங்கள். ஒரு நாள் விடுபட்டாலும் அன்றே அழைப்பு எடுக்கவேண்டும்.

விடுகைப் பத்திரம் எடுக்காமல் இடம் மாறிய பிள்ளையின் பெயரை, வீதத்தைக் கூட்டிக்காட்டுவதற்காக இடாப்பிலிருந்து வெட்டாதீர்கள். எந்தப் பள்ளியில் சேர்ந்தார் என்று அங்குள்ள அதிபரிடம் எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே வெட்டலாம்.