ஈஜி6 சிவிக்குக்குப் பாகம் தேடி எடுத்தது

என்னுடைய ஹொண்டா சிவிக் ஈஜி6-இல் பி16ஏ விடெக் எஞ்சின் இன்னும் அருமையாக இழுக்கிறது. தொல்லை கீழேதான். வளைவில் பின்பக்கம் தனியாக அசைந்தது; ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் முன் சில்லில் டக் டக் என்று சத்தம்.

பின்னுக்கு ட்ரெய்லிங் ஆம் புஷ் (பின் சில்லைத் தாங்கும் இரும்புக் கையின் ரப்பர் பொருத்து), முன்னுக்கு ட்ரைவ் ஷாஃப்ட் (சில்லைச் சுழற்றும் தண்டு) இரண்டும் மாற்ற வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் கிடைக்கவில்லை. வாகனப் பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு அழைத்தேன். காரின் பெயரை விடப் பாகத்தின் எண்தான் அங்கே வேலை செய்யும். பின் ட்ரெய்லிங் ஆம் புஷ்ஷுக்கு 52385-எஸ்ஆர்3-000. ஈகே சிவிக், டிசி2 இன்டெக்ராவுக்கும் அதே புஷ்தான், அதனால் தேடும் வட்டம் பெரிதாகிறது.

“தம்பி, ட்ரைவ் ஷாஃப்ட் புதுசே மலிவா இருக்கு, தரட்டோ?” என்றார் கடைக்காரர். “வேண்டாம் அண்ணை, ஜப்பான் ஒரிஜினல் பழசு தாங்கோ” என்றேன். இந்த எஞ்சினின் இழுவைக்கு மலிவு ஷாஃப்ட்டை நான் நம்ப மாட்டேன். ஷாஃப்ட்டின் இரு முனைப் பற்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, என் காருக்குப் பொருந்துமா என்று எண்ணிப் பார்த்தே எடுத்தேன். பொதி இரவு பஸ்ஸில் வந்தது. ஷாஃப்ட் மூட்டுக்கு ரப்பர் உறையும் கிரீஸும் புதிது போட்டேன்.

பழைய புஷ்ஷைக் கழற்றுமுன் அது இருந்த கோணத்தை ஆமில் கோடு கீறிக்கொள்ளுங்கள். லேத் பட்டறைப் பிரஸ்ஸில் புதியது அதே கோட்டில் ஏற வேண்டும். போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது சில்லு நிலத்தில் நின்று பாரம் ஏறிய பிறகுதான். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

அப்புறம் வீல் அலைன்மென்ட் பார்த்து, ஏ9 வீதியில் கொடிகாமம் வரை ஓட்டினேன். சத்தம் போய்விட்டது, பின்பக்கமும் அசையவில்லை. அடுத்தது முன் போல் ஜொயின்ட் (முன் சில்லின் உருண்டை மூட்டு).