மாணவன் ஏன் அப்படி நடந்துகொள்கிறான்? வகுப்பாசிரியர் தாமே செய்யக்கூடிய நடத்தை மதிப்பீடு

ஆசிரியர் ஓய்வறையில் அடங்காத ஒரு மாணவனைப் பற்றிப் பேச்செழுந்தால், "திமிர் பிடித்தவன்", "வீட்டில் செல்லம் அதிகம்", "சேர்க்கை சரியில்லை" என்ற மூன்று விடைகளில் ஏதாவது ஒன்றோடு அது முடிந்துவிடுகிறது. இவை உண்மையாகவே இருக்கட்டும். இவற்றை வைத்துக்கொண்டு நாளை மூன்றாம் பாடவேளையில் ஆசிரியர் செய்யக்கூடியது எதுவுமில்லை. திமிர் எத்தனை மணிக்கு வருகிறது, எந்தப் பாடத்தில் வருகிறது, யார் இருக்கும்போது வருவதில்லை என்று யாரும் கேட்பதுமில்லை. ஆனால் ஒரு மாணவன் மேசையைத் தட்டுவதை எண்ண முடியும். தட்டுவதற்கு முந்தைய நிமிடத்தில் வகுப்பில் என்ன நடந்தது, தட்டிய பின் அவனுக்கு என்ன கிடைத்தது என்பதை எழுதிவைக்கவும் முடியும். சிறப்புக் கல்வித் துறையினர் நடத்தையின் நோக்கத்தை அறியும் மதிப்பீடு என்று சொல்வது அடிப்படையில் இந்த வேலையைத்தான்.

நடத்தைக்கு முன்னால் நடந்தது, நடத்தை, பின்னால் நடந்தது என்று மூன்றையும் பிரித்து எழுதும் முறையை அமெரிக்க உளவியலாளர் சிட்னி பிஜோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1968-இல் வகுத்துக் காட்டினார்கள். தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை வெவ்வேறு சூழல்களில் வைத்துப் பார்த்த பிரையன் இவாட்டா குழுவினரின் ஆய்வு 1982-இல் வெளிவந்தது. ஒருவருக்குக் கடினமான வேலை கொடுத்தபோதும், இன்னொருவருக்குப் பெரியவர்களின் கவனம் கிடைத்தபோதும், மற்றொருவருக்குத் தனியே இருந்தபோதும் அந்நடத்தை கூடியது. வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தோன்றும் நடத்தைக்கு ஆளுக்கொரு காரணம் இருக்கலாம் என்பதே அதிலிருந்து வகுப்பறைக்கு வரும் பாடம். 1997-இல் அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டம் திருத்தப்பட்டபோது, இத்தகைய மதிப்பீடு பள்ளி ஒழுங்கு நடவடிக்கைகளோடு சட்டப்படியே இணைக்கப்பட்டது.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று 16-ஆவது பிரிவு சொல்கிறது. "பிரம்பும் கூடாது, டி.சி.யும் கூடாது என்றால் நாங்கள் என்னதான் செய்வது?" என்று கேட்கும் ஆசிரியர்களின் சலிப்பு எனக்குப் புரியாததன்று. அந்தக் கேள்விக்குப் பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் அறிவுரைதான் கிடைக்கிறது. கீழே இருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டும் இரண்டு வாரமும் இருந்தால் செய்யக்கூடிய வேலை.

முதலில் உடலைப் பாருங்கள்

நோட்டைத் திறப்பதற்கு முன்பே கண், காது, தூக்கம், பசி ஆகிய நான்கையும் விசாரித்துவிட வேண்டும். பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பிடுங்குகிறாள் என்று நாள்தோறும் புகார் வந்த ஒரு சிறுமியை நான் பல வாரங்கள் கடிந்துகொண்டேயிருந்தேன். அவளுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பது, பள்ளிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழு கண் பரிசோதனை செய்த நாளில்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணாடி வந்ததும் புகார் நின்றுவிட்டது. கூப்பிட்டால் சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுப் பிறகு எதுவும் நடக்காததுபோல் இருக்கும் குழந்தையைக் கவனக்குறைவு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். அது வலிப்பின் ஒரு வகையாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்காக வந்தது. ஐந்தாம் வகுப்புவரை பள்ளியில் காலையில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்த பின் பதினொரு மணிக்கு எரிச்சலோடு இருந்தால், காலையில் என்ன சாப்பிட்டான் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பெற்றோரிடம் பேசும்போது "உங்கள் பையன் ஏன் இப்படி இருக்கிறான்?" என்று கேட்டால், தாய் தலைகுனிவார் அல்லது வீட்டுக்குப் போய் அவனை அடிப்பார். "தம்பி ராத்திரி எத்தனை மணிக்கும்மா தூங்குறான்? காலையில யாரு எழுப்பி விடுறாங்க?" என்று கேட்டால் விவரம் கிடைக்கும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பவரை வராந்தாவில் ஒரு மணி நேரம் காக்க வைக்காதீர்கள்.

எதைக் கவனிக்கிறோம் என்று எழுதுங்கள்

"ஒழுங்கீனமாக நடக்கிறான்" என்பதை யாரும் எண்ண முடியாது. "இருக்கையை விட்டு எழுந்து மூன்றடிக்கு மேல் நடக்கிறான்", "பக்கத்தில் இருப்பவரின் பொருளைக் கேட்காமல் எடுக்கிறான்" என்று எழுதினால் எண்ணலாம். எழுதிய வரி சரியானதுதானா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு: அதை அதே வகுப்புக்குப் போகும் இன்னோர் ஆசிரியரிடம் கொடுத்து, ஒரு பாடவேளை முழுவதும் இருவரும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு வந்தால் வரியைத் திருத்த வேண்டும். ஒரே நேரத்தில் ஐந்து நடத்தைகளைத் துரத்த வேண்டாம். வகுப்பை அதிகமாகக் குலைக்கும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நோட்டின் ஒரு பக்கத்தில் கட்டம் போடுங்கள். மேலே திங்கள் முதல் வெள்ளி வரை, இடப்பக்கம் பாடவேளைகள். நடத்தை நிகழ்ந்த கட்டத்தில் மட்டும் பென்சிலால் கோடு கிழிக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாளைக் கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தால் கறுப்பு எங்கே அடர்ந்திருக்கிறது என்பது தெரியும். "எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லப்பட்ட மாணவனின் தாளில் பாதிக்கு மேற்பட்ட கட்டங்கள் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து ஆசிரியர்களே வியப்பதுண்டு. கறுத்த கட்டங்களில்தான் அடுத்த வேலை தொடங்குகிறது. மற்ற நேரங்களில் நோட்டோடு உட்கார வேண்டியதில்லை.

மூன்று பத்திகள்

முன்னால் என்ன, என்ன செய்தான், பின்னால் என்ன என்று மூன்று பத்திகள். பாடம் நடத்திக்கொண்டே எழுதுவது கடினந்தான். மணி அடித்ததும் வராந்தாவில் நின்றே இரண்டு நிமிடத்தில் எழுதிவிட வேண்டும். மாலை வரை தள்ளிப்போட்டால், நடந்தது மறைந்து நம் கோபம்தான் தாளில் ஏறும். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றிய பதிவு எப்படி இருக்கும் என்பதற்கு மூன்று வரிகளைக் காட்டுகிறேன்.

செவ்வாய், 11.25. ஆங்கிலப் பாடத்தை வரிசையாக உரக்க வாசிக்கச் சொல்லியிருந்தேன். வாசிப்பு அவனுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் வந்திருந்தது. முன்னால் இருந்தவனின் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தான். வெளியே போய் நில் என்றேன். மணி அடிக்கும்வரை நின்றான்.

புதன், 11.20. கரும்பலகையிலிருந்து சொற்பொருள் எழுதும் வேலை கொடுத்திருந்தேன். எழுதி முடித்தான். சண்டை எதுவும் இல்லை.

வியாழன், 2.15. சமூக அறிவியல் ஆசிரியர் விடுப்பு. பாடத்தை ஒவ்வொருவராக எழுந்து வாசிக்குமாறு வகுப்புத் தலைவன் சொன்னான். அவன் தலைவனின் சட்டையைப் பிடித்தான். தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

செவ்வாய்க்கிழமைப் பதிவு மட்டும் இருந்தால் அவனுக்கு ஆங்கிலம் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டியிருப்போம். புதனன்று அதே ஆங்கில வகுப்பில் அவன் அமைதியாக இருந்திருக்கிறான். வியாழனன்று தமிழில் இருக்கும் பாடத்துக்கே சட்டையைப் பிடித்திருக்கிறான். எனவே சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை, பலர் முன்னால் உரக்க வாசிப்பதில் இருக்கிறது. அமைதியான நாளையும் எழுதிவைக்கச் சொல்வது இதற்காகத்தான். பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதைத்தான். அடுத்து மூன்றாம் பத்தியைப் பாருங்கள். இரண்டு முறையும் நாம் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது, வாசிக்காமல் தப்பிக்க அவனுக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு. நாமே அவனுக்கு வழியைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

பதிவுகள் பத்து, பதினைந்து சேர்ந்ததும் ஒவ்வொன்றிலும் மூன்றாம் பத்தியை மட்டும் படித்து, அவனுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். பெரும்பாலான நடத்தைகள் நான்கில் ஒன்றுக்காக நிகழ்கின்றன: ஆசிரியரோ நண்பர்களோ தன்னைக் கவனிக்க வேண்டும், பிடிக்காத வேலையிலிருந்தோ இடத்திலிருந்தோ தப்பிக்க வேண்டும், விரும்பும் பொருளோ விளையாட்டோ கிடைக்க வேண்டும், அல்லது அந்தச் செயலே உடலுக்கு ஒரு சுகத்தையோ ஆறுதலையோ தர வேண்டும். மேசையைத் தட்டும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவன் ஆசிரியர் பின்வரிசையில் வேறு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தட்டுகிறான். இன்னொருவன் ஆசிரியர் வகுத்தல் கணக்கு கொடுத்த உடனே தட்டுகிறான். முதலாமவன் தட்டுவதைக் கண்டுகொள்ளாமல், சும்மா இருக்கும்போது அவன் பக்கம் போய் நின்றால் அது குறையும். இரண்டாமவனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அவன் கணக்கே போடாமல் பாடவேளையைக் கழித்துவிடுவான், அதாவது கேட்டது கிடைத்துவிடும்.

ஊகத்தைச் சோதியுங்கள்

ஊகத்தை ஒரே வாக்கியமாக எழுத வேண்டும்: "உரக்க வாசிக்கும் முறை நெருங்கும்போது பக்கத்தில் இருப்பவரைச் சீண்டுகிறான், வெளியே அனுப்பப்படுகிறான், அதனால் வாசிக்காமல் தப்பிக்கிறான்." பிறகு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரு வாரம், அவன் வாசிக்க வேண்டிய இரண்டு வரிகளை முதல்நாள் மாலையே குறித்துக் கொடுத்து, ஒரு நண்பனோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் பழையபடி விடுங்கள். முதல் வாரத்தில் கட்டங்கள் வெளுத்து, இரண்டாம் வாரத்தில் மறுபடியும் கறுத்தால் ஊகம் பெரும்பாலும் சரி. இரண்டு வாரமும் ஒன்றுபோல இருந்தால் நோட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இவாட்டா செய்ததுபோல் நடத்தையை வேண்டுமென்றே தூண்டிப் பார்க்கும் சோதனையை மட்டும் பயிற்சி பெற்ற வல்லுநர்களிடம் விட்டுவிடுங்கள். அடித்தல், கடித்தல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளல் போன்றவற்றில் வகுப்பாசிரியர் இதைச் செய்யவே கூடாது.

ஊகம் உறுதியானதும் அவனைத் தனியே அழைத்து மூன்றாம் வகுப்புப் பாடநூலில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்பில் இருப்பவன் அதில் தடுமாறினால், பேனா ஜன்னலுக்கு வெளியே போனதன் காரணம் அங்கேதான் இருக்கிறது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியருக்குத் தெரிவியுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று.

மாற்று வழியைக் கொடுங்கள்

தப்பிக்கும் வழியை அடைத்துவிட்டு மாற்று எதுவும் கொடுக்காவிட்டால் அவன் வேறொரு சன்னலைத் தேடுவான். எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு குழந்தைகளுக்கு, கத்துவதற்குப் பதிலாகக் கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள்: வேலை கடினமாக இருந்தால் எனக்குப் புரியவில்லை என்று சொல்ல வேண்டும், கவனம் வேண்டுமென்றால் நான் நன்றாகச் செய்கிறேனா என்று கேட்க வேண்டும். காரணத்தோடு பொருந்திய வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோதுதான் நடத்தை குறைந்தது, பொருந்தாத வாக்கியம் பயன்படவில்லை. நம் மாணவனுக்கு "சார், நாளைக்கு வாசிக்கிறேன்" என்ற வாக்கியம் போதும். ஆனால் அவன் அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், குறைந்தது தொடக்க வாரங்களில், நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். பேனாவை எறிந்தால் உடனே கிடைத்த விடுதலை, மரியாதையாகக் கேட்டால் கிடைக்காது என்று ஆனால் அவன் மறுபடியும் பேனாவைத்தான் எடுப்பான். நாளடைவில் ஒரு நாளைக்கு இரண்டு முறை, பிறகு ஒரு முறை என்று குறைத்துக்கொள்ளலாம். அதற்குள் வாசிப்புப் பயிற்சி நடந்துகொண்டிருக்க வேண்டும்.

முதல் சில நாட்களில் நடத்தை கூடவும் செய்யும். வழக்கமாகத் திறக்கும் கதவு ஒரு நாள் திறக்காவிட்டால் யாரும் உடனே திரும்பிப் போவதில்லை, இன்னும் பலமாகத் தட்டிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பொறுமையிழந்து "போ வெளியே" என்றுவிட்டால், பலமாகத் தட்டினால்தான் திறக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். இதைத் தலைமையாசிரியருக்கும் பிற பாட ஆசிரியர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் ஒருவர் மட்டும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாலும் மற்ற ஏழு பாடவேளை உழைப்பு வீணாகும்.

சில நேரங்களில் நோட்டு வேண்டாம். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறிவிட்டால், யாரையாவது கண்டு அஞ்சினால், உடலில் காயங்கள் இருந்தால், இரண்டு வாரம் பதிவெழுதிக் காத்திருக்கக் கூடாது. பாலியல் வன்முறை என்ற ஐயம் எழுந்தாலே தெரிவிக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் நம்மீது சுமத்தும் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

நோட்டின் அட்டையில் மாணவனின் பெயரை எழுதாதீர்கள், மேசைமேல் விட்டுவிட்டும் போகாதீர்கள். நான்கு வாரம் கழித்து அதே கட்டத்தை அதே வரியை வைத்து மறுபடியும் நிரப்புங்கள். ஜூனில் வகுப்பு மாறும்போது புதிய வகுப்பாசிரியரிடம் நோட்டு முழுவதையும் கொடுக்க வேண்டியதில்லை. "உரக்க வாசிக்க வேண்டிய பகுதியை முதல்நாளே குறித்துக் கொடுக்கவும், வெளியே அனுப்ப வேண்டாம்" என்று எழுதிய ஒரு தாள் போதும்.