டப்ளினில் வெயில் அடித்தால் என்ன பேசுவது?

அயர்லாந்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் முதல் புத்திமதி: யாராவது வெயிலைப் பற்றிப் பேச்செடுத்தால், "எங்கள் வேலூரில் 40 டிகிரி அடிக்கும்" என்று ஆரம்பிக்காதீர்கள். பேச்சு அங்கேயே படுத்துவிடும். இங்கே 20 டிகிரி தாண்டினாலே பாதி ஊர் புல்வெளியில் மல்லாந்து கிடக்கும். தொடர்ந்து 5 நாள் 25 டிகிரிக்கு மேல் போனால் வானிலைத் துறைக் கணக்கில் அது வெப்ப அலை. ஆமாம் போடுங்கள், போதும்.

பிப்ரவரியிலேயே "கிராண்ட் ஸ்ட்ரெட்ச் இன் தி ஈவ்னிங்ஸ்" ஆரம்பித்துவிடும். சாயங்காலம் நீள்கிறது என்ற சந்தோஷம். டிசம்பரில் மாலை 4 மணி தாண்டியதும் சூரியன் மறையும் ஊர் இது. ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். லிஃப்டிலோ பஸ் ஸ்டாப்பிலோ முன்பின் தெரியாதவரிடமும் இதைச் சொல்லலாம்.

எனக்குப் பிடித்தது "கிரேட் ட்ரையிங் அவுட்". வெயிலோடு காற்றும் சேர்ந்து, துணி நன்றாகக் காயும் நாளுக்கான பாராட்டு. பக்கத்து வீட்டம்மா மதில் மேலிருந்து இதைச் சொன்னால், காலையிலிருந்து எத்தனை தடவை மெஷின் போட்டீர்கள் என்பதுதான் சரியான பதில். வடகம் போட நாள் பார்க்கும் என் அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

மழை நாட்களுக்கு நடுவே ஒற்றை நாள் பளிச்சென்று விடிந்தால் அது "பெட் டே" (Pet day), செல்ல நாள். வயதானவர்கள் வாயில் அதிகம் வரும். அன்றைக்கே வெளியே போய்விடுங்கள், மறுநாளை நம்ப முடியாது.

ஜூனில் "லீவிங் சர்டிஃபிகேட்" என்ற பள்ளி இறுதித் தேர்வு தொடங்கும்போது பார்த்து வெயில் கொளுத்தும். அதற்குப் பெயர் "லீவிங் சர்ட் வெதர்". பரீட்சை எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் கொஞ்சம் பரிதாபத்தோடு சொல்லுங்கள்.

"பேக் ஆஃப் கேன்ஸ்" என்று நண்பர்கள் கிளம்பினால், பீர் டின்களோடு போர்ட்டோபெல்லோ கால்வாய்க் கரைக்குப் போகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். பொது இடத்தில் குடிக்கத் தடை உண்டு. கரையைப் பார்த்தால் அப்படித் தெரியாது. "ஃபேக்டர் ஃபிஃப்டி" என்று சன்ஸ்கிரீனை நீட்டினால் வாங்கிப் பூசுங்கள். மாநிறத் தோலும் கருகும்.

உச்சக்கட்டம் "த சன் இஸ் ஸ்ப்ளிட்டிங் த ஸ்டோன்ஸ்", அதாவது கல்லைப் பிளக்கும் வெயில். நம் ஊரில் மண்டையைப் பிளந்தால் திட்டுவோம்; இவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வெள்ளிக்கிழமை மதியம் மேனேஜர் வாயில் இது வந்தால், சீக்கிரம் கிளம்பட்டுமா என்று உடனே கேட்டுவிடுங்கள்.