வில்லியம்ஸ் சிண்ட்ரோம்: நல்லாப் பழகும் பிள்ளையிடம் நாம் விடும் தவறுகள்

கல்முனை பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்து, "மாமா, எங்க போறீங்க?" என்று கேட்கிற பிள்ளையைக் கண்டால் எல்லோருக்கும் பிடிக்கும். வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு இது பிறவிக்குணம். ஒவ்வொருவருக்கும் உள்ள இரண்டு 7ஆம் குரோமோசோம்களில் ஒன்றில், இவர்களுக்கு 26 முதல் 28 மரபணுக்கள் விடுபட்டிருக்கும். வளர்ப்பில் குறை தேட வேண்டாம்.

பழகத் தெரிந்த பிள்ளைக்கு ஆட்களை விளங்கும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. பேச்சு சரளமாக வரும், முகங்களை உற்றுப் பார்க்கும். ஆனால் எதிரில் நிற்பவர் கேலி செய்கிறாரா, ஏமாற்றுகிறாரா என்பது பிடிபடாது. "தெரியாத ஆக்களோட கதைக்காத" என்று அதட்டியும் பயனில்லை. ஐந்து நிமிடம் கதைத்தவர் அதற்குத் தெரிந்தவராகிவிடுவார்.

கட்டிப்பிடிக்கக்கூடிய நாலைந்து பேரின் படங்களை ஒரு அட்டையில் ஒட்டுங்கள். மற்ற எல்லோருக்கும் ஒரு கை தூரத்தில் நின்று வணக்கமோ ஸலாமோ மட்டும். யார் கூப்பிட்டாலும், "உம்மாட்ட கேட்டுட்டு வாறன்", "அம்மாட்ட கேட்டுட்டு வாறன்" என்று சொல்லித் திரும்பி வரவேண்டும். வாயால் ஒப்பித்தால் கற்றுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். முதலில் வீட்டுக்குள், பிறகு கேற்றடியில், பிறகு கடையில் நடித்துப் பழக்குங்கள். பிள்ளை அறியாத ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, "வாங்க மகன், ஐஸ்கிரீம் வாங்கித் தாறன்" என்று கூப்பிடச் செய்து பாருங்கள். வீட்டில் சரியாகச் செய்த பிள்ளை கடையில் தடுமாறும். அந்த இடத்திலேயே மறுபடி பழக்க வேண்டும். சின்ன வயதிலேயே தொடங்குங்கள். 5 வயதில் ஊரே ரசித்த அணைப்பு 15 வயதில் பிள்ளையையே ஆபத்தில் விடும்.

சிரித்த முகத்தைப் பார்த்து, பயமில்லாத பிள்ளை என்றும் எண்ணாதீர்கள். பதற்றம் இவர்களுக்கு அதிகம், சத்தம் காதை வருத்தும். மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனால் ஒலிபெருக்கியடியில் நிறுத்தி "பழகட்டும்" என்று விடவேண்டாம். என்ன நடக்கும் என்பதை முன்பே சொல்லி, காதுமூடி போட்டு, தள்ளி நில்லுங்கள்.

இவ்வளவு கதைக்கிற பிள்ளை படம் கீறவும் பொத்தான் போடவும் திணறுவது சோம்பல் இல்லை. இடத்தையும் வடிவத்தையும் கணிப்பது இவர்களுக்கு உண்மையிலேயே கடினம்.

சாதாரண குரோமோசோம் பரிசோதனை சரி என்று வந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். இந்தச் சிறிய மரபணு இழப்பு ஃபிஷ் (FISH) அல்லது மைக்ரோஅரே (microarray) என்ற மரபணுப் பரிசோதனையில்தான் தெரியும். இரத்தத்தில் கல்சியம் கூடக்கூடியவர்கள் என்பதால் விற்றமின் டி மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இரத்தக் குழாய்களுக்கு இழுபடும் தன்மை தரும் எலாஸ்டின் என்ற புரதம் குறைவதால், இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடி ஒடுங்கியிருக்கலாம். பல் பிடுங்க மயக்க மருந்து கொடுப்பதானாலும் இதய டொக்டரிடம் முதலில் கேளுங்கள்.