கிடாரிக் கன்று காலத்தில் பருவத்துக்கு வர: வயதை விடுங்கள், டேப்பை எடுங்கள்

எங்கள் தொழுவில் ஒரு ஜெர்சி கலப்பினக் கிடாரி 2 வயது தாண்டியும் பருவத்துக்கு வரவில்லை. பல மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கண்டுபிடித்தது எடைக் குறைவு. வளர்ந்த மாட்டின் எடையில் ஏறக்குறைய பாதியைத் தொட்டால்தான் கிடாரி பருவத்துக்கு வரும், 60 சதவீதம் வந்தால் சினை ஊசி போடலாம். அடுத்த கன்றைக் கீழே சொல்லும் முறையில் வளர்த்தேன். 16-ஆம் மாதம் சினை ஊசி போட்டாயிற்று.

கணக்கு இதுதான். பிறக்கும்போது 22 கிலோ, ஊசி போட 230 கிலோ வேண்டும். தினம் 450 கிராம் கூடினால் 15 மாதம். 250 கிராம்தான் கூடுகிறது என்றால் 27 மாதம் ஆகிவிடும். அந்த ஒரு வருஷமும் தீவனச் செலவு நம் தலையில்.

முதலில் பால். சீம்பாலைப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். முதல் மாதம் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் தினமும் போக வேண்டும். சொசைட்டிக்கு ஊற்றும் ஆசையில் இதில் கை வைக்காதீர்கள். குடற்புழு மருந்து 10 நாள் வாக்கில் ஒரு தடவை, பிறகு 6 மாதம் வரை மாதாமாதம்; அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, இரண்டாவது வாரத்திலிருந்தே அடர்தீவனம். நான் வீட்டிலேயே கலக்கிறேன், மூட்டைத் தீவனத்தைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 45, கடலைப் புண்ணாக்கு 30, தவிடு 22, தாது உப்பு 2, சாதா உப்பு 1. பால் குடித்து முடித்ததும் ஒரு பிடி எடுத்து வாயில் தடவிவிட்டால் நாலைந்து நாளில் தானே நக்கும். ஐப்பசி மழையில் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அப்படியே கொட்டிவிடுங்கள், கன்றுக்கு அது விஷம்.

முதல் கிடாரியில் நான் சறுக்கியது இதற்கப்புறம்தான். பால் மறந்த பிறகு, பிசான நெல் அறுவடை முடிந்து வைக்கோல் நிறையக் கிடக்கிறதே என்று அதையே போட்டேன். வயிறு பானை மாதிரி உப்பியது. பார்ப்பவர்கள் "கன்னு நல்லா தேறிட்டே" என்றார்கள். நானும் டேப் வைத்து அளந்து சந்தோஷப்பட்டேன். ஆனால் டேப்பை வயிற்றின் மேல் சுற்றியிருக்கிறேன்!

சரியான முறை: கன்றைச் சமதரையில் நிறுத்தி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப் பிடியுங்கள். நீளம், தோள்பட்டை முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை. நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். அளவு அங்குலத்தில் இருக்க வேண்டும். நீளம் 40, நெஞ்சு 48 என்றால் 140 கிலோ. அதே கன்றை வயிற்றில் சுற்றி 54 என்று எடுத்தால் 177 கிலோ காட்டும்! தையல்காரர் டேப் 60 அங்குலம், ஊசி போடும் எடை வரை அதுவே போதும். மாதம் ஒரு தடவை, காலையில் தீவனம் வைக்கும் முன் அளந்து காலண்டரில் குறியுங்கள். மாதம் 12 கிலோவாவது ஏறவில்லை என்றால் சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், அடர்தீவனத்தைக் கூட்டுங்கள்.

வைக்கோல் வயிற்றை விரிக்கும், அவ்வளவுதான். முதல் வயிற்றின் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் சிறு முளைகள் வளர்வது அங்கே அடர்தீவனம் புளிப்பதால். அதனால் பால் மறந்த பின்னும் தினம் ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ அடர்தீவனம் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். வரப்பில் வேலிமசால் என்ற பசுந்தீவனச் செடியைப் போட்டுவிடுங்கள், அகத்தியும் நல்லது.

பிற்சேர்க்கை: அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒருவர், யூரியா தெளித்த வைக்கோல் கன்றுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். 6 மாதம் வரை கூடவே கூடாது. இன்னொருவர், எடை வந்தும் சூடு (பருவ அறிகுறி) தெரியவில்லை என்றார். விடியற்காலையில் போய்ப் பாருங்கள்: விடாமல் கத்தும், கண்ணாடி மாதிரி வழும்பு ஒழுகும், மற்ற மாடு மேலே ஏறினால் அசையாமல் நிற்கும். காலையில் கண்டால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை.